பறித்து வைத்த ஒலிநாடா: 'ஆபரேஷன் ஐவி' குழுவும் அதன் ஒரே இசைத்தொகுப்பும்



இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, தேர்வு அணுகுமுறை என்றே எழுதி வரும் நான், இன்று அமெரிக்க இளைஞர் நால்வரின் இசைக்குழு ஒன்றைப் பற்றி எழுதப் புகுவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். அதற்குரிய காரணத்தை முதலில் கூறிவிடுகிறேன்.

2001-ஆம் ஆண்டு. 'பிளாக் மெட்டல்' எனும் இசையைப் பற்றி நம் நாட்டில் பெரும் பரபரப்பு எழுந்திருந்த காலம். நாளிதழ்களில் அதுவே பேச்சு. கறுப்புச் சட்டை அணிந்த மாணவனைக் கண்டாலே ஐயுற்று நோக்கினோம். அப்போது நான் பகலில் தமிழ்ப்பள்ளியில் கற்பித்துவிட்டு, மாலையில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்மொழி வகுப்பும் நடத்தி வந்தேன். மூன்றாம் படிவ மாணவன் ஒருவனுடைய பையிலிருந்து ஓர் ஒலிநாடா கீழே விழுந்தது. அதன் உறையில் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்த ஒரு கோட்டோவியம். ஆங்கிலத்தில் கையால் எழுதிய பாடற்பெயர்கள். வேறொன்றும் கேளாமல் அதைப் பறித்துக்கொண்டேன். அவன் தந்தையாரை அழைத்து, "பிள்ளையைக் கவனியுங்கள்" என்றும் எச்சரித்தேன். அன்றிரவு வீட்டில் அவனுடைய வானொலிப் பெட்டி உடைக்கப்பட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

அடுத்த வாரம் முதல் அவன் வகுப்புக்கு வரவில்லை. இரண்டாண்டுகள் கழிந்து, எஸ்.பி.எம். தேர்வில் அவன் தமிழ்மொழிப் பாடத்தை எடுக்கவேயில்லை எனக் கேள்வியுற்றேன். நன்றாகக் கட்டுரை எழுதக்கூடிய மாணவன் அவன்.

அண்மைய பள்ளி விடுமுறையில் பழைய அலமாரியைத் துப்புரவு செய்தபோது அந்த ஒலிநாடா மீண்டும் கைக்கு வந்தது. 'ஆபரேஷன் ஐவி – எனர்ஜி' என எழுதியிருந்தது. இத்தனை ஆண்டுகளில் ஒரு பாடலைக்கூட நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என் மகளின் துணையோடு பாடல்களைக் கேட்டேன். அவற்றின் வரலாற்றையும் தேடிப் படித்தேன். அது பிளாக் மெட்டலே அன்று. 'ஸ்கா பங்க்' எனப்படும் முற்றிலும் வேறான இசை. நான் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்கா பிறந்த தீவு

ஸ்கா பிறந்தது கரீபியக் கடலிலுள்ள ஜமைக்காத் தீவில், 1950-ஆம் ஆண்டுகளின் இறுதியில். 1962 ஆகஸ்டு 6-ஆம் நாள் அந்நாடு பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றபோது, தெருவெங்கும் ஒலித்த இசை இதுதான். உள்ளூர் நாட்டார் இசையான மென்டோவும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ், ரிதம் அண்ட் புளூஸ் ஆகியனவும் கலந்து உருவானது இது.

அதன் தாளம் தனித்தன்மையுடையது. நம் பிள்ளைகள் கைதட்டித் தாளம் போடுவதை எண்ணிப் பாருங்கள். கை தட்டும் இடத்தில் அழுத்தம் விழுவதே இயல்பு. ஸ்காவிலோ கிட்டாரின் அழுத்தம் இரண்டு தட்டுகளுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில் விழுகிறது. அதனாலேயே கேட்பவரின் கால் தரையில் நிற்க மறுக்கிறது!

ஆசிரியர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று இவ்விடத்தில் உண்டு. ஸ்காவின் தலைசிறந்த குழுவான 'ஸ்காட்டலைட்ஸ்' 1964-இல் உருவானது. அதன் தொடக்க உறுப்பினர்களுள் டாமி மெக்குக், டான் டிரம்மண்ட், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் ஆகிய நால்வரும் ஒரே பள்ளியில் பயின்றவர்கள். கிங்ஸ்டன் நகரில் கத்தோலிக்க அருட்சகோதரிகள் நடத்திய 'ஆல்ஃபா' ஆண்கள் பள்ளியே அது. வறுமையாலும் குடும்பச் சிக்கல்களாலும் திசைமாறிய சிறுவர்களுக்காக 1880-இல் தொடங்கப்பெற்ற இல்லம் அது. அங்கே கைத்தொழிலும் ஊதுகருவி இசையும் கற்பிக்கப்பட்டன.

அப்பள்ளியில் 1939 முதல் 2003-இல் தாம் மறையும் வரை பணியாற்றியவர் அருட்சகோதரி மேரி இக்னேஷியஸ். துறவாடை அணிந்த அவ்வம்மையார் சிறுவர்கள் விரும்பிய இசையைத் தாமும் கேட்டார். இசைத்தட்டுகளை வாங்கிச் சேர்த்தார். அவற்றைத் தாமே ஒலிக்கச்செய்து சிறுவர்களோடு அமர்ந்து பேசினார். தெருவில் நின்றிருக்க வேண்டிய சிறுவர் பலர் உலகறிந்த இசைக் கலைஞராயினர். இதைப் படித்தபோது என் அலமாரியில் கிடந்த ஒலிநாடா என் நெஞ்சை உறுத்தியது.

பங்கோடு சேர்ந்த கதை

ஜமைக்காவிலிருந்து பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்த மக்களோடு ஸ்காவும் கடல் கடந்தது. 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் லண்டனில் பங்க் இசை வெடித்தெழுந்தது. மூன்று சுரக்கூட்டுகள் தெரிந்தால் போதும், நீயே பாடு, நீயே பதிவுசெய் என்பது அதன் கொள்கை. வேலையின்மையும் இனவெறியும் மிகுந்திருந்த அக்காலத்தில், கோவென்ட்ரி எனும் தொழில் நகரத்தில் ஜெர்ரி டாமர்ஸ் என்பார் 1979-இல் 'டூ டோன்' இசை நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய 'ஸ்பெஷல்ஸ்' குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்றனர். பங்கின் வேகமும் ஸ்காவின் தாளமும் கலந்தன. கறுப்பு வெள்ளைச் சதுரக் கட்டம் இன ஒற்றுமையின் அடையாளமாயிற்று. என் மாணவனுடைய ஒலிநாடாவிலிருந்த கறுப்பு வெள்ளை ஓவியத்தின் மரபும் இதுவே. நானோ அதில் பேய் வழிபாட்டைக் கண்டேன்!

கில்மன் தெருவின் விதிகள்

இனி அமெரிக்காவுக்கு வருவோம். கலிஃபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரில், கில்மன் தெரு 924-ஆம் எண் கட்டடத்தில், 1986 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு ஓர் இசைக்கூடம் திறக்கப்பட்டது. 'மேக்சிமம் ராக் அண்ட் ரோல்' இதழை நடத்திய டிம் யோஹானனும் பல இளைஞர்களும் சேர்ந்து உருவாக்கிய கூடம் அது. இலாப நோக்கமற்றது; தொண்டர்களாலேயே நடத்தப்படுவது. அதே கட்டடத்தில் பிரம்புக் கடை ஒன்றும் இருந்தது. பிரம்பு என்றதும் நம் நினைவு வேறெங்கோ செல்லும். அது நாற்காலி முடையும் பிரம்பு!

அக்காலத்தில் பெரும்பாலான இசைக்கூடங்கள் மதுக்கடைகளாகவே இயங்கியதால் சிறார் உள்ளே செல்ல இயலாது. கில்மன் கூடம் எல்லா வயதினருக்கும் திறந்திருந்தது. அதன் சுவரில் விதிகள் பெரிய எழுத்தில் தீட்டப்பட்டன. மது கூடாது, போதைப்பொருள் கூடாது, வன்முறை கூடாது, இனவெறி கூடாது, பெண்களை இழிவுபடுத்தல் கூடாது, ஒருபாலீர்ப்பினரை வெறுத்தல் கூடாது. முடியைக் குத்தி நிறுத்தி, கிழிந்த சட்டை அணிந்த இளைஞர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விதிகள் இவை. நம் பள்ளிகளின் நன்னெறிச் சுவரொட்டிகளுக்கும் இவற்றுக்கும் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது, சொல்லுங்கள்.

இக்கூடத்தில் வளர்ந்த குழுவே 'ஆபரேஷன் ஐவி'. 1987 மே மாதம் அது உருவானது. பாடகர் ஜெஸ்ஸி மைக்கேல்ஸ் அப்போது பதினெட்டு வயதினர். எழுத்தாளரும் பேராசிரியருமான லியனார்ட் மைக்கேல்ஸின் மகன். கிட்டார் கலைஞர் டிம் ஆர்ம்ஸ்ட்ராங், பேஸ் கிட்டார் கலைஞர் மேட் ஃப்ரீமன் இருவரும் அருகிலுள்ள ஆல்பனி எனும் சிற்றூரில் சிறுவயது முதல் நண்பர்கள். டிரம்ஸ் வாசித்தவர் டேவ் மெல்லோ.

குழுவின் பெயர் வரலாற்றிலிருந்து எடுக்கப்பட்டது. 1952-ஆம் ஆண்டு மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா நடத்திய அணுகுண்டுச் சோதனைகளின் பெயரே 'ஆபரேஷன் ஐவி'. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் வெடிக்கப்பட்ட 'மைக்' எனும் ஹைட்ரஜன் குண்டின் ஆற்றல் 10.4 மெகாடன். எலுகெலாப் எனும் சிறு தீவே உலகப் படத்திலிருந்து மறைந்துபோனது. பனிப்போரின் நிழலில் வளர்ந்த தலைமுறையினர் அப்பெயரைத் தாங்கி ஒற்றுமையைப் பாடினர்.

எனர்ஜி: பத்தொன்பது பாடல்கள்

1988-இல் ஆறு பாடல்கள் கொண்ட 'ஹெக்டிக்' எனும் சிறு இசைத்தட்டை இக்குழு வெளியிட்டது. வெளியிட்ட 'லுக்கவுட்' நிறுவனமும் 1987-இல் லாரி லிவர்மோரும் டேவிட் ஹேஸும் தொடங்கிய சிறு முயற்சியே. அவ்வாண்டில் நால்வரும் ஒரு பழைய கிரைஸ்லர் மகிழுந்தில் நெருக்கியடித்து அமர்ந்து அமெரிக்காவைச் சுற்றிப் பாடினர்.

பின்னர் முழு இசைத்தொகுப்பு ஒன்றைப் பதிவுசெய்ய முனைந்தனர். முதலில் தங்கள் கில்மன் கூடத்திலேயே பதிவுசெய்து பார்த்தனர்; விளைவு நிறைவளிக்கவில்லை. எனவே, சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள 'சவுண்ட் அண்ட் விஷன்' ஒலிப்பதிவுக்கூடத்தில், கெவின் ஆர்மியின் தயாரிப்பில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர். 1989-இல் 'எனர்ஜி' வெளிவந்தது. ஆற்றல் என்பது அச்சொல்லின் பொருள்.

பத்தொன்பது பாடல்கள், அவற்றுள் பெரும்பாலானவை இரண்டு நிமிடங்களைச் சுற்றியே முடிந்துவிடுகின்றன. ஜமைக்கா ஸ்காவின் உயிர்நாடியான ஊதுகருவிக் குழு இதில் இல்லை. ஒரு பாடலில் சாக்ஸபோன் ஒலிக்கிறது. மற்றபடி அவ்விடத்தைக் கிட்டாரின் இடைத்தட்டுகளும், ஓயாமல் ஓடும் பேஸ் கிட்டாரும் நிரப்புகின்றன. மேட் ஃப்ரீமனின் விரல் வேகத்தை இசையறிந்தோர் இன்றும் வியக்கின்றனர். ஜெஸ்ஸியின் குரல் பண்பட்ட குரலன்று; பேச்சுக்கும் கூச்சலுக்கும் இடைப்பட்டது. உறையிலுள்ள ஓவியமும் அவருடைய கைவண்ணமே.

முதற்பாடலின் பெயரைக் கண்டு நான் சற்றே திகைத்தேன். 'நாலெட்ஜ்', அதாவது அறிவு! எதிர்காலத்தைப் பற்றிப் பெரியோர் கேட்கும் கேள்விகளுக்கு விடை தெரியாத ஓர் இளைஞன், தன் அறியாமையை நேர்மையாக ஒப்புக்கொள்ளும் பாடல் அது. சாக்ரடீஸ் கூறிய கருத்தும் இதுவன்றோ? 'யூனிட்டி' எனும் பாடல் பகையையும் போரையும் விடுத்து ஒன்றுபடுமாறு வேண்டுகிறது. 'ரூம் வித்தவுட் எ விண்டோ' எனும் பாடலின் பெயருக்குச் சாளரமில்லா அறை என்று பொருள். மனிதர் தம்மைச் சுற்றித் தாமே எழுப்பிக்கொள்ளும் சுவர்களைப் பற்றியது அது. அப்பாடலை இருமுறை கேட்டேன். 2001-இல் சாளரமில்லா அறையில் அமர்ந்திருந்தது யார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

எல்லாப் பாடல்களும் உயர்ந்தவை என்று நான் வாதிடவில்லை. சில பாடல்கள் ஒன்றையொன்று ஒத்தே ஒலிக்கின்றன. ஒலிப்பதிவு கரடுமுரடானது. தெருவில் வழங்கும் கடுஞ்சொற்களும் ஆங்காங்கே உண்டு. எனினும், பதின்ம வயதினரின் கோபத்தில் இத்தனை நல்லெண்ணம் கலந்திருப்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

வரவேற்பு: காலந்தாழ்ந்து வந்த கூட்டம்

இவ்விசைத்தொகுப்பின் வரவேற்பு விந்தையானது. மக்கள் தேடி வரத் தொடங்கியபோது குழுவே இல்லை!

கில்மன் வட்டாரத்தில் அவர்களுடைய பெயர் விரைந்து பரவியது. கூட்டம் பெருகியது. சிறிய கூடத்தில் நண்பர்களுக்காகப் பாடத் தொடங்கியவர்களுக்கு அக்கவனமே சுமையாயிற்று. 'எனர்ஜி' வெளிவந்த அதே 1989-இல், மே மாதம் 28-ஆம் நாள், கில்மன் கூடத்தில் அவர்கள் தம் இறுதி நிகழ்ச்சியைப் படைத்தனர். ஈராண்டுகளே வாழ்ந்த குழு. அன்று அதே மேடையில் பாடிய மற்றொரு சிறு குழு, 'கிரீன் டே' எனும் புதுப்பெயரை ஏற்றிருந்தது. அவ்விளைஞர்கள் 1994-இல் 'டூக்கி' தொகுப்பின்வழி உலகப் புகழ் பெற்றனர்.

பெரிய வானொலி நிலையங்கள் 'எனர்ஜி'யைக் கொண்டாடவில்லை. அதைப் பரப்பியவர்கள் மாணவர்கள். ஒருவர் வாங்கினார், பத்துப் பேர் ஒலிநாடாவில் படியெடுத்தனர், நகலெடுத்துப் பரிமாறிய சிற்றிதழ்கள் அதைப் பற்றி எழுதின. 1990-இல் கிரீன் டே 'நாலெட்ஜ்' பாடலைத் தாமும் பாடிப் பதிவுசெய்தது. 1991-இல் 'எனர்ஜி'யுடன் 'ஹெக்டிக்' பாடல்களும் வேறு இரு பாடல்களும் சேர்ந்து, மொத்தம் 27 பாடல்களோடு குறுவட்டாக வெளிவந்தது. என் மாணவனிடம் இருந்ததும் அந்த 27 பாடல்களின் படியே.

குழு கலைந்தபின் டிம் ஆர்ம்ஸ்ட்ராங் மதுப்பழக்கத்தில் வீழ்ந்து வீடின்றி அலைந்தார். அவரைக் கைவிடாதவர் மேட் ஃப்ரீமன். குடியை விட்டால் மீண்டும் ஒரு குழு தொடங்கலாம் என்று நண்பனுக்கு நம்பிக்கையூட்டினார். அவ்வாறு 1991-இல் பிறந்ததே 'ரான்சிட்' குழு. 1995-இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பில், ஆபரேஷன் ஐவியின் கதையையே ஒரு பாடலாக்கியுள்ளனர். அவ்வாண்டுகளில் ஸ்கா பங்க் அமெரிக்காவின் பெருவழி இசையாயிற்று. 'நோ டவுட்', 'ரீல் பிக் ஃபிஷ்', 'மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ்' முதலிய குழுக்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலித்தன. சில ஆண்டுகளில் அவ்வலை ஓய்ந்தது. ஆனால், வானொலியை நம்பி வாழாத 'எனர்ஜி' ஓயவில்லை. உரிமத்தொகை நிலுவையால் லுக்கவுட் நிறுவனத்திடமிருந்து உரிமையைக் குழுவினர் 2006-இல் மீட்டனர். ஆர்ம்ஸ்ட்ராங்கின் 'ஹெல்கேட்' நிறுவனம் 2007-இல் அதை மறுவெளியீடு செய்தது. லுக்கவுட் 2012-இல் மூடப்பட்டது. பாடல்கள் நிலைத்தன.

ஸ்கா நம் நாட்டுக்கும் வந்தது. கோலாலம்பூரில் மலாய்மொழியில் பாடிய 'கெர்ஹானா ஸ்கா சிந்தா' குழுவை நம் பிள்ளைகள் பலர் அறிவர். நாம்தாம் அறியாதிருந்தோம்.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை

அன்புப் பெற்றோர்களே, பிள்ளை கேட்பதையெல்லாம் கண்மூடி ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நான் கூறவில்லை. கேடு விளைவிக்கும் பாடல்கள் உண்டு. கண்டிக்க வேண்டிய இடமும் உண்டு. ஆனால், கண்டிப்பதற்கு முன் கேட்டறிய வேண்டும். யார் வாய்க் கேட்பினும் மெய்ப்பொருள் காணச் சொன்ன வள்ளுவரை வகுப்பில் மனனம் செய்யவைத்த நான், என் மாணவனுடைய பையிலிருந்து விழுந்த ஒன்றின் மெய்ப்பொருளைக் காண ஐந்து நிமிடம்கூடச் செலவிடவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு பாடல்களைக் கேட்டிருக்கலாம்!

கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? 'அறிவு' எனும் பாடலைத் தமிழில் விளக்கி ஒரு பத்தி எழுதச் சொல்லியிருப்பேன். இனவெறி கூடாது என்று சுவரில் எழுதிய இளைஞர்களைப் பற்றி வகுப்பில் பேசச் சொல்லியிருப்பேன். அவன் விரும்பியதற்கும் தமிழுக்கும் இடையே ஒரு பாலம் அமைந்திருக்கும். அதற்கு மாறாக, தமிழ் ஆசிரியர் என்பவர் தன் விருப்பத்தைப் பறிப்பவர் என்னும் பாடத்தையே அவனுக்கு நான் கற்பித்தேன். ஒரு மாணவன் தமிழ்ப் பாடத்தைக் கைவிட்டதற்குப் பாடத்திட்டத்தையும் காலத்தையும் குறை கூறுகிறோம். என் வகுப்பில் ஒருவன் கைவிட்டதற்கு நானே காரணம்.

கிங்ஸ்டன் நகரத்து அருட்சகோதரி தம் மாணவர்களுக்காக இசைத்தட்டு வாங்கினார். நான் என் மாணவனுடைய ஒலிநாடாவைப் பூட்டி வைத்தேன். இருவரும் ஆசிரியர்களே.

இப்போதெல்லாம் மாணவர்கள் செவியில் எதையேனும் மாட்டிக்கொண்டு வந்தால், "என்ன பாட்டு? எனக்கும் கொஞ்சம் சொல்" என்று கேட்கப் பழகியிருக்கிறேன். சிலர் வெட்கப்படுகின்றனர், சிலர் ஆர்வத்தோடு விளக்குகின்றனர். எனக்குப் பிடிக்காத பாடல்களே மிகுதி. ஆனால், அந்தப் பிள்ளைகளைப் பற்றி நான் அறிந்துகொள்வது மிகுதியினும் மிகுதி.

அந்த மாணவன் இன்று நாற்பது வயதை நெருங்கியிருப்பான். அவனுக்கும் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கலாம். இதை அவன் படிப்பானாயின், தம்பி, உன் ஒலிநாடா என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நாடா சற்றே தேய்ந்துள்ளது, உறை மங்கவில்லை. வந்து பெற்றுக்கொள். உன் பிள்ளைகளையும் அழைத்து வா. எந்தப் பாடல் உனக்கு மிகவும் பிடிக்கும் என்று அன்று கேட்கத் தவறியதை இன்று கேட்க விரும்புகிறேன்.